பாதி வழி

வரைபடத்தில் அளந்துதான் இந்த இடத்தைப் பிடித்தோம்.
என் ஊரிலிருந்து நாற்பத்தொரு கிலோமீட்டர்,
ரைவோவின் ஊரிலிருந்து நாற்பத்துமூன்று.
அந்த இரண்டு கிலோமீட்டருக்காக
தாலினில் ஒரு வக்கீல் முன்னால்
அரை மணி நேரம் பேசியிருக்கிறோம்.

மாதத்தில் இரண்டு ஞாயிறு
வாஸ்மா சுண்ணாம்புக்கல் பூங்காவின் வண்டி நிறுத்தத்தில்
மைலியும் அவள் பையும் கைமாறுவார்கள்.
மூன்று வருடமாக.
பெயர்ப்பலகையின் பின்பக்கம்தான் எனக்குப் பழக்கம்:
துருப்பிடித்த எட்டுத் திருகாணி, ஒரு குளவிக்கூடு.

இன்று அவன் வண்டி பஞ்சராம்.
"ஒன்றரை மணி நேரம் ஆகும்" என்றது போன்.
நான் பதில் தேடுவதற்குள்
மைலி வாயிலைத் தாண்டிவிட்டாள்.

ஜூனிப்பர் புதர்களுக்கு நடுவே பலகைப் பாதை,
பிறகு திடீரென்று
தரை இல்லை.
கீழே குவாரி.
நூறு வருடம் வெட்டியெடுத்த பள்ளம்,
அடியில் பச்சைத் தண்ணீர்.
எதிர்ச்சுவரில் கயிற்றில் தொங்கிக்கொண்டு
ஒரு கல்லூரிக் கூட்டம் சிரிக்கிறது;
சிரிப்பு இரண்டு முறை கேட்கிறது.

நூற்றுப்பன்னிரண்டு படி. அவள் எண்ணினாள்.
இறங்க இறங்கப் பாறை
மழையில் நனைந்து ஒட்டிப்போன செய்தித்தாள் கட்டு.
ஒவ்வொரு தாளிலும் ஏதோ ஒரு கடல்:
நத்தை, சிப்பி, பென்சிலைப் போல நீண்ட ஓடு.
"மீன் இருந்துச்சா?"
"மீன்கள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்த காலம்"
என்றார் வழிகாட்டி ஊர்வே.
பையிலிருந்து சொட்டுக்குப்பி எடுத்து
பாறைமேல் ஒரு துளி அமிலம் விட்டார்.
நுரைத்தது. சோடா திறந்ததுபோல
மெல்லிய சீறல்.
"அடைத்து வைத்திருந்த காற்று" என்றார்.
இன்னொரு துளி, இன்னும் ஒன்று என்று
மைலி அந்தக் கல்லை ஒரு வழி பண்ணிவிட்டாள்.

தென்கோடியில் காளவாய்.
வாய் கறுத்து, வயிறு வெளுத்து,
உள்ளே ஒரு தவிட்டுக்குருவி வந்துபோய்க்கொண்டிருந்தது.
கல்லை நாட்கணக்கில் இராப்பகலாக எரிப்பார்களாம்.
கிட்டத்தட்டப் பாதி எடை காற்றோடு போய்விடுமாம்.
மிச்சத்தில் தண்ணீர் ஊற்றினால்
நெருப்பே இல்லாமல் கொதிக்குமாம்.
எனக்கு அது புதிதில்லை.
எரிந்து முடிந்தது என்று படுத்த எத்தனையோ இரவுகளில்
ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் காளவாய்க் கணக்கேடு,
திறந்தபடி:
செவ்வாய். எட்டு வண்டி. மழை.
புதன். எட்டு வண்டி. மழை. ஆர்தூரின் கண்ணில் சுண்ணாம்பு.
வியாழன். ஏழு வண்டி.
மைலி கண்ணாடியைத் தட்டினாள்,
தட்டினால் பக்கம் திரும்பும் என்பதுபோல.
"வெள்ளிக்கிழமை என்ன ஆச்சு?"
ஊர்வேயிடம் சாவி இல்லை.

மணி பார்க்க மறந்திருந்தேன்.
விளிம்பில், வானத்தை முதுகில் வைத்து,
யாரோ இரண்டு கையையும் ஆட்டினார்கள்.
ரைவோ இறங்கி வந்தான்.
விரலெல்லாம் கிரீஸ், ஆபீஸ் ஷூவில் வெள்ளைப் புழுதி.
நாங்கள் வழக்கமாகப் பேசுவது நான்கு வார்த்தை:
மருந்து. ஸ்வெட்டர். வீட்டுப்பாடம். சரி.
இன்று ஒன்றும் வரவில்லை.
மைலி ஊர்வேயின் குப்பியைக் கடன் வாங்கி
எங்கள் இருவரின் சட்டையையும் பிடித்துக் குனிய வைத்தாள்.
கல் சீறியது. அடங்கியது.
"இவ்வளவுதானா?" என்றான்.
"இவ்வளவுதான்" என்றாள், தானே செய்ததுபோலப் பெருமையாக.

மேலே வந்து சேர்ந்தபோது
அவன் கணக்கில் படி நூற்றுப்பதினொன்று.
மைலி விட்டுக்கொடுக்கவில்லை.
யாரைக் கேட்பது என்று
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

பை கைமாறியது.
வண்டியைச் சாலைக்கு ஏற்றும்போது
பின்னோக்கும் கண்ணாடியில் முதன்முறையாகப்
பலகையின் முன்பக்கம்,
இடவலம் மாறிய வெள்ளை எழுத்துகளில்.
படிக்க முயன்றேன்.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.